சிங்கப்பூரில் பழைய ஃபிலிம் கேமரா: முதல் ரோல் மாட்டுவதிலிருந்து படத்தைப் பகிர்வது வரை

போன ஆண்டு அண்ணன் மகளுக்குக் காதுகுத்து. அப்பா 1983இல் வாங்கிய பென்டாக்ஸ் கே1000 கேமராவை அலமாரியிலிருந்து எடுத்து, புது ரோல் மாட்டி, கோயில் மண்டபத்தில் 36 படமும் எடுத்தேன். ஒரு வாரம் கழித்துக் கழுவி வந்த ஃபிலிமில் ஒரு படம்கூட இல்லை. முழு நீளத்துக்கும் வெறும் நெகட்டிவ். அண்ணி ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பிள்ளை பாட்டி மடியில் உட்கார்ந்து அழுத அந்த முகம் இனி யாரிடமும் இல்லை.

அதற்குப் பிறகு இருபது ரோல்களுக்குமேல் எடுத்துவிட்டேன். ஒவ்வொரு தவறையும் காசு கொடுத்துத்தான் கற்றேன். உங்களுக்கு அந்தச் செலவும் மனக்கஷ்டமும் வேண்டாம் என்பதால் எழுதுகிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் ரோலில் வீட்டு விசேஷம் எதையும் எடுக்காதீர்கள். அது கேமராவைச் சோதிக்கும் ரோல். புளோக்கின் கீழ்த்தளம், பேருந்து நிறுத்தம், பக்கத்துக் காப்பிக் கடை, இவை போதும்.

கீழே வரும் விலைகள் நான் கொடுத்தவை. கடைக்குக் கடை சில வெள்ளி கூடும், குறையும்.

1. முதலில் வீட்டு அலமாரியைத் திறந்து பாருங்கள்

கேமரா வாங்கும் முன் அப்பாவிடமும் பெரியப்பாவிடமும் கேளுங்கள். எழுபதுகளிலும் எண்பதுகளிலும் இங்கே வேலை பார்த்த பலர் ஒரு கேமராவாவது வாங்கியிருப்பார்கள். ஊருக்குப் போகும்போது எடுத்துப் போயிருப்பார்கள், இல்லையென்றால் துணிக்கு நடுவில் சுற்றி வைத்திருப்பார்கள்.

கேமரா கிடைத்ததும் அவசரப்பட்டு ரோல் மாட்டாதீர்கள். வெறும் கேமராவை வைத்தே இவற்றைப் பாருங்கள்.

பேட்டரி மூடியை ஒரு நாணயத்தால் திறங்கள். உள்ளே பச்சையாகவோ வெள்ளையாகவோ பூத்திருந்தால் பழைய பேட்டரி கசிந்திருக்கிறது. லேசாக இருந்தால் பஞ்சுக் குச்சியில் வெள்ளை வினிகர் தொட்டுத் துடைக்கலாம். கம்பியே அரித்திருந்தால் பழுதுபார்ப்பவரிடம்தான் போக வேண்டும்.

பின்மூடியைத் திறந்து, ஷட்டரை ஒவ்வொரு வேகத்திலும் அடித்துப் பாருங்கள். ஒரு நொடி என்று வைத்தால் ஒரு நொடி திறந்திருக்க வேண்டும். 1/60க்கும் 1/8க்கும் வித்தியாசம் காதுக்கே தெரியும். மெதுவான வேகங்களில் சிக்கி நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டது என்று பொருள்.

லென்ஸைக் கழற்றி, கைபேசி விளக்கை ஒரு பக்கமிருந்து அடித்து மறுபக்கமிருந்து பாருங்கள். சிலந்தி வலைபோல, மரக்கிளைபோலப் படர்ந்திருந்தால் அது பூஞ்சணம். நம் ஊர் ஈரத்தில் இதுதான் பெரிய எதிரி. ஓரத்தில் ஒரு துளி இருந்தால் படத்தில் தெரியாது. நடுவில் படர்ந்திருந்தால் அந்த லென்ஸை மற்ற லென்ஸ்களோடு ஒரே பெட்டியில்கூட வைக்காதீர்கள்.

கடைசியாக, பின்மூடியின் விளிம்பில் இருக்கும் கறுப்பு ஃபோம். நாற்பது ஆண்டில் அது தார் மாதிரி உருகிக் கையில் ஒட்டும். அதன் வழியே வெளிச்சம் புகுந்து படத்தில் ஆரஞ்சு நிறக் கீற்று விழும். ஃபோமை மாற்றுவது சின்ன வேலை, கையில் பொறுமை இருந்தால் நீங்களே செய்யலாம்.

எல்லாம் ஓரளவு சரி, ஆனால் நம்பிக்கை இல்லை என்றால் ஒருமுறை முழுச் சர்வீஸ் செய்துவிடுங்கள். என் கே1000க்கு 150 வெள்ளி ஆனது. மூன்று வாரம் எடுத்தது. கேமராவைக் கொடுக்கும்போது சீட்டில் கேமராவின் சீரியல் எண், லென்ஸின் எண் இரண்டையும் எழுதச் சொல்லுங்கள். என்ன வேலை செய்தார்கள், எத்தனை மாதம் உத்தரவாதம் என்பதும் அதே சீட்டில் இருக்கட்டும். வாய்வார்த்தையாக வாங்கி வந்து, இரண்டாம் மாதம் அதே பழுது வந்தபோது என்னிடம் காட்ட ஒன்றும் இல்லை.

2. வாங்குவதாக இருந்தால்

சிட்டி ஹால் எம்ஆர்டி நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் பெனின்சுலா ஷாப்பிங் சென்டரும் பெனின்சுலா பிளாசாவும் இருக்கின்றன. பழைய கேமராக் கடைகள் அங்கேதான் அதிகம். ஒரு சனிக்கிழமை பிற்பகல் முழுக்க ஒதுக்கிக்கொண்டு போங்கள். முதல் நாளே வாங்காதீர்கள். கையில் பிடித்துப் பாருங்கள், வியூஃபைண்டரில் கண் வைத்துப் பாருங்கள், விலையைக் குறித்துக்கொண்டு வந்துவிடுங்கள்.

எதை வாங்குவது? புதிதாகத் தொடங்குபவருக்கு முழுக்க இயந்திரத்தால் ஓடும் கேமராவைத்தான் நான் சொல்வேன். பென்டாக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம், நிக்கான் எஃப்எம்2, ஒலிம்பஸ் ஓஎம்-1 ஆகியவற்றில் பேட்டரி தீர்ந்தாலும் ஷட்டர் அடிக்கும். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானிக்கு மட்டும்தான் பேட்டரி. கேனன் ஏஇ-1 அழகான கேமராதான், ஆனால் பேட்டரி இல்லாவிட்டால் அது அசையாது. அதை வாங்கும்போது ஷட்டரை அடித்து, காதுக்குப் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். கிறீச்சென்று இருமல் மாதிரி சத்தம் வந்தால் சர்வீஸ் செலவைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

சின்னதாக, பையில் போட்டுக்கொள்கிற மாதிரி வேண்டுமென்றால் ஒலிம்பஸ் டிரிப் 35. அதற்குப் பேட்டரியே இல்லை, லென்ஸைச் சுற்றியிருக்கும் செலினியம் தகடு வெளிச்சத்திலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். தகடு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. கேமராவை ஏ நிலையில் வைத்து, லென்ஸைக் கையால் மூடி ஷட்டரை அழுத்துங்கள். வியூஃபைண்டரில் சிவப்புக் கொடி எழும்பி ஷட்டரைத் தடுக்க வேண்டும். கையை எடுத்து வெளிச்சத்தில் அழுத்தினால் படம் விழ வேண்டும். இரண்டும் நடந்தால் தகடு வேலை செய்கிறது.

யாஷிகா எலக்ட்ரோ 35, கேனனெட் கியூஎல்17 போன்றவை பாதரச பேட்டரிக்காகச் செய்தவை. அந்த பேட்டரிகள் இப்போது தயாரிப்பில் இல்லை. மாற்று பேட்டரியோடு ஓர் அடாப்டர் வளையம் போட்டு ஓட்டலாம். கடைக்காரர் அதைச் சேர்த்துத் தருகிறாரா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

கடையில் வாங்கினால் பில் கட்டாயம். சிங்கப்பூரில் 2012 செப்டம்பர் முதல் இருக்கும் பழுதுப் பொருள் சட்டம், லெமன் லா என்பார்களே, அது கடையில் வாங்கும் பழைய பொருளுக்கும் பொருந்தும். பொருளின் வயதையும் விலையையும் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள், ஆனால் பில் இல்லாமல் பேச்சே தொடங்காது. கேரௌசல் இணையச் சந்தையில் தனிநபரிடம் வாங்கினால் அந்தச் சட்டம் உதவாது. அதனால் அங்கே வாங்கும்போது எம்ஆர்டி நிலையத்தில் நேரில் சந்தித்து, மேலே சொன்ன சோதனைகளை நின்று நிதானமாகச் செய்து, அப்புறம் பேநவில் பணம் அனுப்புங்கள். ‘முன்பணம் அனுப்பினால்தான் எடுத்து வைப்பேன்’ என்பவரிடம் வாங்காதீர்கள்.

3. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் வரியைச் சேர்த்துப் பாருங்கள்

ஜப்பானிலிருந்து இணையத்தில் வாங்கினால் விலை குறைவாகத் தெரியும். 2024 ஜனவரி முதல் பொருள் சேவை வரி 9 விழுக்காடு. 400 வெள்ளிக்கு உட்பட்ட பொருள் என்றால் பெரிய விற்பனைத் தளங்கள் பணம் கட்டும்போதே வரியை வாங்கிவிடும். அதைத் தாண்டினால், பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்த்து அந்த மொத்தத்துக்கு வரி. பொட்டலத்தைக் கொண்டுவரும் நிறுவனம் தன் கட்டணத்தையும் தனியாகப் போடும். 430 வெள்ளி என்று பார்த்த கேமரா என் கைக்கு வரும்போது 500ஐத் தாண்டியிருந்தது.

பயணம் போய்விட்டு நீங்களே வாங்கி வந்தால் வேறு கணக்கு. 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளியே இருந்திருந்தால் 500 வெள்ளி வரை வரி விலக்கு, அதற்குக் குறைவென்றால் 100 வெள்ளி. இங்கேதான் நம்மவர்கள் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்: இந்த விலக்கு வேலை அனுமதி அட்டை, எம்ப்ளாய்மென்ட் பாஸ், மாணவர் அட்டை, சார்ந்திருப்போர் அட்டை, நீண்டகால அட்டை வைத்திருப்பவர்களுக்குக் கிடையாது. உங்களிடம் அதில் ஏதாவது இருந்தால் வாங்கிய பொருளைச் சுங்கத்துறையிடம் சொல்லி வரியைக் கட்டிவிடுங்கள். கடைப் பில்லைப் பெட்டிக்குள் போடாமல் கையில் வைத்திருங்கள்.

4. எந்த ஃபிலிம்?

கோடாக் கோல்டு 200, கலர்பிளஸ் 200, அல்ட்ராமேக்ஸ் 400. வண்ணத்துக்கு இந்த மூன்றில் ஒன்று. கறுப்பு வெள்ளைக்கு இல்ஃபோர்டு எச்பி5 பிளஸ் 400. போர்ட்ரா 400 பிறகு வாங்கிக்கொள்ளலாம், சோதனை ரோலுக்கு அவ்வளவு செலவு தேவையில்லை.

வண்ண ரோல் ஒன்று 15 வெள்ளியை ஒட்டி வரும். கழுவி ஸ்கேன் செய்ய இன்னொரு 15. ஆக 36 படத்துக்கு 30 வெள்ளி, படத்துக்கு 83 காசு. மாதம் ஒரு ரோல் என்று வைத்துக்கொண்டால் கையைக் கடிக்காது.

காலாவதியான ஃபிலிம் மலிவாகக் கிடைக்கும். தொடக்கத்தில் வேண்டாம். படம் மங்கலாக வந்தால் குறை கேமராவிலா ஃபிலிமிலா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

வாங்கிய ரோலைக் குளிர்சாதனப் பெட்டியில், டப்பாவோடு, இறுக்க மூடும் பையில் போட்டு வையுங்கள். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறக்காதீர்கள். இரண்டு மணி நேரமாவது அறையில் இருக்கட்டும். சில்லென்ற ஃபிலிமில் நம் ஊர்க் காற்று பட்டால் உடனே வியர்த்துவிடும்.

5. ரோல் மாட்டுவது

காதுகுத்துப் படங்கள் போனது இங்கேதான். அதனால் இதை மெதுவாகச் சொல்கிறேன்.

நேர்வெயிலில் நின்று மாட்டாதீர்கள். நிழலுக்குப் போங்கள். மேலே இடப்பக்கம் இருக்கும் சுற்றுக் குமிழை இழுத்தால் பின்மூடி திறக்கும். ரோலை இடப்பக்கக் குழியில் வைத்து, குமிழை மறுபடி கீழே அழுத்துங்கள். ஃபிலிமின் நாக்கை வலப்பக்கம் இழுத்து, சுருட்டும் உருளையின் பிளவுக்குள் செருகுங்கள். ஃபிலிமை நகர்த்தும் லீவரை ஒருமுறை தள்ளிப் பாருங்கள். ஃபிலிமின் மேல் ஓரத் துளைகள், கீழ் ஓரத் துளைகள் இரண்டுமே பற்சக்கரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் உட்கார்ந்திருந்தால் எடுத்துவிட்டு மறுபடி செருகுங்கள். இதில் வீணாவது ஓரிரு அங்குல ஃபிலிம்தான்.

மூடியை மூடியபின் இடப்பக்கக் குமிழின் சின்னக் கைப்பிடியை விரித்து, அம்பு காட்டும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். சற்று இறுகும்போது நிறுத்திவிடுங்கள். இப்போது லீவரைத் தள்ளி ஷட்டரை அடியுங்கள். லீவரைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் அந்தக் குமிழ் தானாகத் திரும்ப வேண்டும். திரும்பினால் உள்ளே ஃபிலிம் ஓடுகிறது. திரும்பவில்லை என்றால் ஃபிலிம் உருளையிலிருந்து நழுவிவிட்டது.

அன்று கோயிலில் என் கேமராவின் எண்ணிக்கை முள் 36 வரை ஒழுங்காகப் போனது. அந்த முள் லீவரைத்தான் எண்ணும், ஃபிலிமை எண்ணாது. குமிழ் திரும்பவே இல்லை என்பதை நான் கவனிக்கவில்லை.

ரோல் முடியும்போது லீவர் இறுகி நிற்கும். பலமாகத் தள்ளாதீர்கள், கிழிந்துவிடும். கேமராவின் அடியில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். அதை அழுத்திவிட்டு, குமிழை அம்பின் திசையில் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் கனமாக இருந்து, ஒரு கட்டத்தில் சட்டென்று லேசாகும். அதற்குப் பிறகும் நாலைந்து சுற்று சுற்றிவிட்டுத்தான் மூடியைத் திறக்க வேண்டும். பாதியில் திறந்துவிட்டால் உடனே மூடுங்கள். மேலே சுற்றியிருக்கும் சில படங்கள் போகும், உள்ளே இருப்பவை பெரும்பாலும் தப்பிக்கும்.

6. நம் ஊர் வெளிச்சம்

ஒளிமானி வேலை செய்யாவிட்டாலும் படம் எடுக்கலாம். கைபேசியில் இலவச ஒளிமானிச் செயலிகள் இருக்கின்றன. அதுவும் வேண்டாம் என்றால், ஃபிலிமின் ஐஎஸ்ஓ எண்ணை (ரோலின் பெயரோடு வரும் 200, 400 என்ற ஒளியுணர்வு எண்) ஒட்டிய ஷட்டர் வேகம் வையுங்கள்: 400 ஃபிலிமுக்கு 1/500, 200 ஃபிலிமுக்கு 1/250. லென்ஸின் திறப்பை எஃப் எண்ணால் குறிப்பார்கள், எண் குறைந்தால் திறப்பு பெரிது. சுள்ளென்ற வெயிலில் எஃப்16. மேகம் லேசாக மூடினால் எஃப்11, நன்றாக மூடினால் எஃப்8. மரநிழலில் எஃப்4.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் கீழ்த்தளத்தில் 400 ஃபிலிமோடு எடுத்தால் 1/125, எஃப்4. தூணுக்குப் பின்னால் வெளியே பளீரென்று வெயில் இருக்கும். கேமராவின் ஒளிமானி அந்த வெயிலைப் பார்த்து ஏமாந்து, முன்னால் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைக் கறுப்பாக்கிவிடும். பக்கத்தில் போய் அவர் முகத்துக்கு அளந்துவிட்டு, பின்னால் வந்து எடுங்கள். வண்ண நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும், குறைந்த வெளிச்சத்தைத் தாங்காது. சந்தேகம் வந்தால் ஒரு படி கூட்டி வையுங்கள்.

தீபாவளி நேரத்துச் சிராங்கூன் சாலை, இரவு நேரத்துத் தேக்கா, இதற்கெல்லாம் 400 ஃபிலிமில் 1/60, எஃப்2 தேவைப்படும். லென்ஸ் அவ்வளவு திறக்காது என்றால் 400 ஃபிலிமை 800 என்று வைத்து முழு ரோலையும் எடுக்கலாம். கழுவக் கொடுக்கும்போது ‘பிளஸ் ஒன்’, அதாவது ஒரு படி கூடுதலாகக் கழுவுங்கள் என்று சொல்ல வேண்டும். ஒரே ரோலில் பாதியை 400ஆகவும் பாதியை 800ஆகவும் எடுக்காதீர்கள். கழுவுவது ஒரே தொட்டியில்தான்.

தைப்பூசத்தில் எடுக்க ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று. ஸ்ரீ ஸ்ரீநிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து தேங் ரோடு தண்டாயுதபாணி கோயில் வரை காவடி போகும் வழியில் நடந்துகொண்டே ரோல் மாற்றுவது கடினம். மாற்ற வேண்டிய ரோலை டப்பாவிலிருந்து முன்பே எடுத்து, சட்டைப் பையில் வையுங்கள். முடிந்த ரோல் வேறு பையில். இரண்டும் ஒரே பையில் இருந்தால் எடுத்த ரோலையே மறுபடி மாட்டிவிடுவீர்கள்.

படம் எடுக்கக் கூடாது என்று நான்கு மொழியிலும் பலகை வைத்த பாதுகாக்கப்பட்ட இடங்களின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். டிஜிட்டல் கேமராவில் ஒரு படத்தை அழித்துக் காட்டலாம். ஃபிலிமில் ஒரு படத்தை மட்டும் அழிக்க முடியாது, முழு ரோலும் போகும்.

7. ஈரம்

குளிரூட்டிய அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படரும். துடைக்காதீர்கள். கிளம்பும் முன்பே கேமராவைப் பையில் போட்டு மூடி, வெளியே வந்தபின் அரை மணி நேரம் பைக்குள்ளேயே விடுங்கள்.

வீட்டில் வைக்க ஈரமகற்றும் பெட்டி வாங்குங்கள். சின்னப் பெட்டி 100 வெள்ளிக்குமேல் ஆகும். 40 முதல் 50 விழுக்காட்டு ஈரத்தில் வையுங்கள். இப்போதைக்கு வாங்க முடியாது என்றால் காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு, நிறம் மாறியதும் ஜெல்லை மாற்றுங்கள். தோல் உறைக்குள் மட்டும் வைக்காதீர்கள். அப்பா அக்கறையாகத்தான் தோல் உறையில் வைத்திருந்தார், லென்ஸில் பூஞ்சணம் பிடித்தது அதற்குள் இருந்துதான். இன்னொன்று, கே1000இல் ஒளிமானியை அணைக்கும் பொத்தான் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டு வைத்தால்தான் பேட்டரி நிற்கும்.

8. கழுவக் கொடுப்பது

கடையில் ஒரு கவரில் விவரம் எழுதச் சொல்வார்கள். அதை அலட்சியமாக நிரப்பாதீர்கள். அந்தக் கவரை வைத்துத்தான் உங்கள் ரோல் எந்தத் தொட்டிக்குப் போகும் என்று முடிவாகும்.

ரோலின் மேல் சி-41 என்று போட்டிருந்தால் வண்ண நெகட்டிவ். எச்பி5 போன்ற கறுப்பு வெள்ளைக்கு வேறு மருந்து. இ-6 என்றால் ஸ்லைடு, இதைக் கழுவும் இடங்கள் குறைவு, நாளும் கூடும். இல்ஃபோர்டு எக்ஸ்பி2 சூப்பர் மட்டும் கறுப்பு வெள்ளையாக இருந்தும் சி-41இல் போகும். என் அனுபவத்தில் வண்ணம் இரண்டு மூன்று நாளில் வந்துவிடும், கறுப்பு வெள்ளை ஒரு வாரம். தீபாவளி, சீனப் புத்தாண்டை ஒட்டிக் கொடுத்தால் இன்னும் சில நாள் சேர்த்துக்கொள்ளுங்கள்.

800ஆக எடுத்திருந்தால் கவரில் எழுதுங்கள், வாயாலும் சொல்லுங்கள். ஸ்கேன் அளவைக் கேளுங்கள். மலிவான ஸ்கேன் கைபேசியில் பார்க்கப் போதும், பெரிதாகப் பிரிண்ட் போட்டால் உடைந்துவிடும். எனக்குப் பிடித்த வழி, முதலில் சாதாரண ஸ்கேன் வாங்கிப் பார்த்துவிட்டு, நன்றாக வந்த இரண்டு மூன்று படங்களை மட்டும் பெரிய அளவில் மறுபடி ஸ்கேன் செய்யச் சொல்வது.

அப்படி மறுபடி ஸ்கேன் செய்ய நெகட்டிவ் வேண்டும். ஸ்கேன் மின்னஞ்சலில் வந்துவிட்டதே என்று பலர் கடைக்குத் திரும்பப் போவதில்லை. நானும் போகவில்லை. ஒரு கடையில் ஐந்து ரோல் நெகட்டிவை விட்டு வைத்திருந்தேன். நாலு மாதம் கழித்துக் கேட்டால், குறிப்பிட்ட நாளுக்குமேல் வைத்திருக்க மாட்டோம், எறிந்துவிட்டோம் என்றார்கள். சீட்டின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் அது இருந்தது. அதில் ஒரு ரோல் முழுக்க அம்மாவின் அறுபதாம் பிறந்தநாள். இன்று என்னிடம் இருப்பது கைபேசிக்கு ஏற்ற சின்னப் படங்கள் மட்டும்தான். கவரில் ‘நெகட்டிவ் திரும்ப வேண்டும், ஆறாறாக வெட்டி உறையில் போடவும்’ என்று எழுதுங்கள். கைபேசி நாட்காட்டியில் வாங்கப் போகும் நாளைக் குறித்துவிடுங்கள். சீட்டைப் படம் எடுத்து வையுங்கள்.

ரோல் வெறுமையாக வந்தால் கடையில் சண்டைக்குப் போகும் முன் ஓரத்தைப் பாருங்கள். ஃபிலிமின் விளிம்பில் பெயரும் எண்களும் தெளிவாகத் தெரிந்தால் கழுவியது சரி, கேமராவுக்குள்தான் ஏதோ நடந்திருக்கிறது. ஃபிலிம் ஓடவில்லை, அல்லது ஷட்டர் திறக்கவில்லை. விளிம்பு எழுத்தும் இல்லாவிட்டால் மருந்தில் கோளாறு. முழுக்கக் கறுத்திருந்தால் ரோலில் வெளிச்சம் பட்டிருக்கிறது. எனக்கு இதைச் சொல்லிக் கொடுத்தது ஒரு கடை அங்கிள். வெறும் நெகட்டிவை விளக்குப் பெட்டியில் வைத்து, ஓரத்து எண்ணை விரலால் தொட்டுக் காட்டி, “ஃபிலிம் நகரவே இல்லை தம்பி” என்ற பொருளில் ஆங்கிலத்தில் சொன்னார். அப்புறம் ஒரு வீணான ரோலைக் கையில் கொடுத்து, பத்து முறை மாட்டிக் கழற்றச் சொன்னார். நீங்களும் கடையில் அப்படி ஒரு வீணான ரோல் கேட்டு வாங்கிப் பழகுங்கள்.

வீட்டிலேயே கழுவ நினைப்பவர்கள் கறுப்பு வெள்ளையில் தொடங்குங்கள். ஒரு தொட்டி, இருட்டுப் பை, வெப்பமானி, மருந்து எல்லாம் சேர்த்து 150 வெள்ளிக்குள் அடங்கியது. மருந்தோடு வரும் நேரப் பட்டியல் 20 டிகிரிக்கானது. எச்பி5ஐ ஐடி-11 மருந்தில் நீர் கலக்காமல் கழுவ ஏழரை நிமிடம். நம் குழாய்த் தண்ணீர் 28 டிகிரியை ஒட்டி இருக்கும். அப்படியே ஊற்றினால் நேரம் மிகவும் சுருங்கி, படத்தில் திட்டுத் திட்டாக விழும். ஒரு வாளியில் ஐஸ் போட்டு, மருந்துப் பாட்டிலை அதில் நிறுத்தி, வெப்பமானி 20 காட்டியதும் தொடங்குங்கள். பயன்படுத்திய ஃபிக்சரில் (படத்தை நிலைநிறுத்தும் மருந்து) ஃபிலிமில் இருந்த வெள்ளி உலோகம் கரைந்திருக்கும். அதைக் கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றாமல் பாட்டிலில் சேர்த்து, வாங்கிக்கொள்ளும் லேபிடம் கேட்டுக் கொடுங்கள்.

9. ஊருக்குப் போகும்போது

ஃபிலிமைப் பெரிய பெட்டிக்குள் போட்டு அனுப்பவே கூடாது. அங்கே சோதனை எக்ஸ்ரேயின் வலு அதிகம். கைப்பைக்கும் இப்போது பல விமான நிலையங்களில் சிடி ஸ்கேனர் வந்துவிட்டது. மடிக்கணினியை வெளியே எடுக்க வேண்டாம் என்று சொல்கிறார்கள் என்றால் அது அந்த வகை இயந்திரமாக இருக்கும். கோடாக், இல்ஃபோர்டு இரண்டு நிறுவனங்களுமே அதில் ஃபிலிமை விடாதீர்கள் என்று எச்சரித்திருக்கின்றன. குலதெய்வக் கோயில் கொடையில் எடுத்த இரண்டு ரோல்கள் எனக்கு அப்படித்தான் அலை அலையாகப் புகை படிந்து வந்தன.

எல்லா ரோலையும் அட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையில் போட்டுத் தனியாகக் கையில் வைத்திருங்கள். கேமராவில் பாதி ரோல் வேண்டாம், புறப்படும் முன் முடித்துவிடுங்கள். வரிசை நீளமாகும் முன், வழக்கத்தைவிட அரை மணி நேரம் முன்னதாகவே போய், கையால் சோதிக்க முடியுமா என்று பணிவாகக் கேளுங்கள். முடிவு அதிகாரியுடையது. மறுத்தால் வாக்குவாதம் வேண்டாம். இதற்காகவே நான் இப்போது ஊரில் எடுக்கும் ரோல்களை அங்கேயே கழுவக் கொடுத்து, நெகட்டிவாகத் திரும்ப எடுத்து வருகிறேன். கழுவிய ஃபிலிமை எக்ஸ்ரே ஒன்றும் செய்யாது.

ஜோகூருக்குப் பேருந்தில் போகிறவர்களும் கவனியுங்கள். உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியிலும் பைகளை எக்ஸ்ரேயில் விடுகிறார்கள்.

10. படத்தைப் பகிரும்போது

ஃபிலிம் படத்தில் தேதியோ ஷட்டர் வேகமோ தானாகப் பதியாது. அதனால் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். ரோல் எண், மாட்டிய தேதி, ஃபிலிம், எந்த ஐஎஸ்ஓ, படத்துக்குப் படம் இடமும் வேகமும். மூன்று ரோலுக்குப் பிறகு அந்த நோட்டைப் பார்த்தாலே எங்கே தவறுகிறோம் என்று புரியும். நண்பர்கள் குழுவில் போடும்போது கேமரா, லென்ஸ், ஃபிலிம், எங்கே எப்போது எடுத்தது என்று ஒரு வரி எழுதுங்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்தவர் கற்றுக்கொள்வார், உங்களுக்கும் சரியான ஆலோசனை கிடைக்கும். ‘ஏன் பச்சையடிக்கிறது’ என்று கேட்டால் விவரம் இல்லாமல் யாராலும் சொல்ல முடியாது.

ஒரு ரோலில் 36 படத்தையும் கொட்டாதீர்கள். நாலு போதும். கெட்டுப்போன ஒன்றையும் சேர்த்துப் போடுங்கள், அதற்குத்தான் அனுபவசாலிகள் அதிகம் எழுதுவார்கள். படத்தைப் போடும் முன் ஸ்கேன் இடவலம் மாறியிருக்கிறதா என்று கடைப் பெயர்ப் பலகையைப் பார்த்துச் சரிபாருங்கள்.

மனிதர்களை எடுத்தால் கேட்டுவிட்டு எடுங்கள், பகிர்வதற்கும் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை தேக்காவில் புல்தரையில் உட்கார்ந்திருக்கும் தம்பிகள் தங்கள் ஓய்வு நேரத்தில் இருக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுங்கள், சம்மதித்தால் எடுங்கள். மறுத்தால் அப்படியே விட்டுவிடுங்கள். கோயிலுக்குள் எடுக்க வேண்டுமென்றால் முதலில் அலுவலகத்தில் கேளுங்கள். பிள்ளைகளின் முகம் தெரியும் படத்தைப் பெற்றோர் சொல்லாமல் போடவே போடாதீர்கள்.

நீங்கள் யாரைப் படம் எடுத்தீர்களோ அவருக்கு ஒரு பிரிண்ட் கொடுங்கள். 4ஆர் அளவு ஒரு வெள்ளிக்கும் குறைவுதான். வாட்சப் எண் வாங்கிக்கொண்டால் ஸ்கேனையும் அனுப்பலாம். போன மாதம் புளோக்கின் கீழே சதுரங்கம் ஆடும் இரண்டு தாத்தாக்களுக்கு அப்படிக் கொடுத்தேன். ஒருவர் பணப்பையில் வைத்துக்கொண்டார், மற்றவர் தனக்கும் மனைவிக்கும் ஒரு படம் எடுத்துத் தர முடியுமா என்று கேட்டார். வருகிற சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். இம்முறை குமிழ் திரும்புகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் முதல் படத்தை எடுப்பேன்.